"டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொல்றதை நிறுத்துவோமா?

"டென்ஷன் ஆகாதீங்க. டென்ஷன் ஆனா கார்ட்டிசால் ஏறும். கார்ட்டிசால் ஏறினா மூளை கெட்டுப்போகும்."

எனக்கு வந்த ஆரோக்கிய ஃபார்வர்டுகளையெல்லாம் பிழிஞ்சு எடுத்தா இந்த மூணு வரிதான் மிஞ்சும். இதுலயே கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் மஞ்சள் தட்டிப்போட்டு 'கார்ட்டிசாலைக் கரைக்கும் கஷாயம்'னு ஒருத்தர் விக்கறார். 2024ல ஒரு படி மேல போய் 'கார்ட்டிசால் மூஞ்சி'ன்னு ரீல்ஸா போட்டுத் தள்ளினாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டாவை அமுக்கிட்டுப் படுத்தா, காலையில யார் மூஞ்சியும் கொஞ்சம் உப்பித்தான் இருக்கும் சாமி!

எனக்கு இந்த மூணு வரியோட ரெண்டு தகராறு இருக்கு. ஒண்ணு, இது பாதி உண்மை. மீதிப் பாதி இதைவிட சுவாரசியமானது, அதை யாரும் சொல்றதில்லை. ரெண்டாவது தகராறு கொஞ்சம் கோபமானது. அதைக் கடைசியில சொல்றேன்.

முன்கூட்டியே ஒண்ணு: நான் டாக்டர் இல்லை. ஆபீஸ்ல கணக்குப் பார்க்கற ஆளு. சாப்பாட்டுக்கு அப்புறம் கண்டதையும் படிக்கற வியாதி உண்டு, அவ்வளவுதான். டாக்டர் பதிவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா பின்னூட்டத்துல கும்மலாம், கோச்சுக்க மாட்டேன்.

இன்னொரு வார்த்தைப் பிரச்சினையும் இருக்கு. நாம தமிழ்ல ஸ்ட்ரெஸ்ஸுக்கும் 'மன அழுத்தம்'னு எழுதறோம், டிப்ரஷனுக்கும் 'மன அழுத்தம்'னே எழுதறோம். ரெண்டும் வேற வேற. அதனால இந்தப் பதிவுல ஸ்ட்ரெஸ்ஸுக்கு நெருக்கடி, டிப்ரஷனுக்கு மனச்சோர்வு, இன்ஃப்ளமேஷனுக்கு அழற்சி. அழற்சின்னா பெருசா ஒண்ணுமில்லை. முள்ளு குத்தின இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, விண் விண்ணுன்னு வலிக்குதே, அதான். கிருமியோட சண்டை போட உடம்பு வைக்கற தீ. அளவா இருந்தா அடுப்பு, மீறினா வீடு போயிடும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கற அட்ரீனல் சுரப்பிதான் கார்ட்டிசாலைச் சுரக்குது. இது வில்லன் இல்லை. தினமும் காலையில நாம கண் முழிக்கற நேரத்துல இது உச்சத்துல இருக்கும், நடுராத்திரி அடிமட்டத்துக்கு இறங்கிடும். இது சுத்தமா இல்லாமப் போனா ஆளே காலி.

இதோட பெருமை உலகத்துக்குத் தெரிஞ்ச கதை ரொம்ப அழகானது. 1948 செப்டம்பர் 21. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரம், மேயோ கிளினிக். முடக்குவாதத்தால் நடக்கவே திணறிக்கொண்டிருந்த ஒரு இளம்பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச்சின் குழு ஒரு புது ஊசி போட்டது. சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். ஊசியில் இருந்தது கார்ட்டிசோன். உடம்புக்குள்ள போனதும் கார்ட்டிசாலா மாறிடும் சமாச்சாரம். இரண்டே வருஷத்தில், 1950ல், ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூணு பேருக்கும் நோபல் பரிசு.

இன்னிக்கு ஆஸ்துமா இன்ஹேலர்ல இருந்து அரிப்புக்குப் போடற ஆயின்மென்ட் வரைக்கும் அதே குடும்பம்தான். ப்ரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன்னு சீட்டுல எழுதறாங்களே, எல்லாம் கார்ட்டிசாலோட சித்தப்பா பெரியப்பா பசங்க. அழற்சியை அணைக்கறதுல இதை மிஞ்ச ஆள் குறைவு. செல்லுக்குள்ள போய் ஒரு ஏற்பியோட கைகோத்துக்கிட்டு, அழற்சியைக் கிளப்பற மரபணுக்களை வாயை மூடச் சொல்லும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நெருக்கடி வந்தா கார்ட்டிசால் ஏறும். கார்ட்டிசால் அழற்சியை அணைக்கும். அப்படின்னா ராத்திரி பகலா நெருக்கடியில இருக்கறவங்களுக்கு அழற்சி ரொம்பக் கம்மியாத்தானே இருக்கணும்?

நிஜத்துல நேர்மாறா இருக்கு!

1995ல் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு ஒரு வேலை செய்தது. அல்சைமர் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதில் அப்படிப்பட்ட சுமை இல்லாத 13 பெண்கள். எல்லோருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சின்னக் காயம். ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகுதுன்னு எண்ணினாங்க. சுமை இல்லாதவர்களுக்கு சராசரியா 39.3 நாள். பார்த்துக்கொள்பவர்களுக்கு 48.7 நாள். ஒன்பது நாள் அதிகம்! ஒரே அளவுக் காயம்தான்.

2003ல் அதே குழு இன்னொண்ணு வெளியிட்டாங்க. வாழ்க்கைத் துணைக்கு டிமென்ஷியா வந்து, பார்த்துக்கொள்ளும் 119 பேர். அப்படி இல்லாத 106 பேர். ஆறு வருஷம் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருளை அளந்தாங்க. வயசானா எல்லோருக்கும் அது கொஞ்சம் கொஞ்சமா ஏறும். பார்த்துக்கொள்பவர்களுக்கு ஏறும் வேகம் மற்றவர்களைப் போல சுமார் நாலு மடங்கு. எனக்கு நெஞ்சுல குத்தினது அடுத்த வரிதான். துணை இறந்துபோய் சில வருஷம் ஆனவர்களுக்கும் அந்த வேகம் குறையலை. வேலை முடிஞ்சுபோச்சு, உடம்புக்கு மட்டும் சேதி போய்ச் சேரலை.

தீயணைப்பு வண்டி வாசல்லயே நிக்குது, தீ எப்படி எரியுது?

பதிலை ரெண்டு பகுதியா சொல்லலாம்.

முதல் பகுதி, காது மரத்துப்போறது. எங்க தெருவுல ஒரு புண்ணியவான் கார் வாங்கினார். பூனை குதிச்சாக்கூட அலாரம் அடிக்கும். முதல் நாள் தெருவே வெளிய ஓடி வந்தது. பத்தாவது நாள் ஒரு ஜன்னல்கூடத் திறக்கலை. பதினைஞ்சாவது நாள் நிஜமாவே யாராவது அதைத் திருடிட்டுப் போயிருந்தாலும் நாங்க புரண்டுதான் படுத்திருப்போம். கார்ட்டிசால் நாள் முழுக்கக் கூவிட்டே இருந்தா, நோய் எதிர்ப்பு செல்களும் இதைத்தான் செய்யுது.

கிரெகரி மில்லரும் ஷெல்டன் கோஹனும் 2002ல் 50 பெற்றோரை வைத்து இதைக் காட்டினாங்க. 25 பேருக்குக் குழந்தை புற்றுநோய் சிகிச்சையில் இருக்கு. மற்ற 25 பேருக்குக் குழந்தைகள் நலம். ரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் டெக்ஸாமெத்தசோனைக் கலந்து பார்த்தப்போ, நலமான குழந்தைகளோட பெற்றோர் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 நல்லா அடங்கியது. புற்றுநோய்க் குழந்தைகளோட பெற்றோர் ரத்தத்தில் அந்த அளவுக்கு அடங்கலை. மருந்து அதே மருந்துதான். கேட்கற காதுதான் மரத்துப்போச்சு. கவனிங்க, இங்க சிக்கல் 'கார்ட்டிசால் அதிகம்' இல்லை, 'கார்ட்டிசாலோட பேச்சு எடுபடலை'. கஷாயம் குடிச்சு கார்ட்டிசாலை இறக்கறேன்னு கிளம்பறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

ரெண்டாவது பகுதி மூளைக்குள்ள நடக்குது.

மூளைக்குன்னு தனியா காவல்காரங்க இருக்காங்க. பேரு மைக்ரோக்ளியா. 1919ல் ஸ்பெயின் நாட்டு பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா அடையாளம் கண்டு பேர் வச்சார். சும்மா இருக்கும்போது குச்சி குச்சியா கைகளை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துட்டே இருக்கும். கிருமியோ காயமோ தென்பட்டா அழற்சிப் பொருட்களை அள்ளி விடும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஃப்ராங்க், ஸ்டீவன் மேயர் குழு 2010ல் எலிகளை வைத்து செஞ்சது ரொம்ப எளிமையான சோதனை. ஈ.கோலை பாக்டீரியாவோட மேலுறையிலிருந்து எடுத்த ஒரு பொருளை எலிக்கு ஏத்தினா உடம்பு கிருமி வந்துட்டதா நினைச்சு அழற்சியைக் கிளப்பும். அதோட எலியோட நெருக்கடி ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோனையும் கொடுத்தாங்க. அதைக் கொடுத்த நேரத்தை மட்டும் மாத்தினாங்க. கிருமிப் பொருளுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு ஹார்மோன் கொடுத்தா, மூளையில் அழற்சி அடங்கியது. பாடப்புத்தகம் சொல்றபடியே. ஆனா ரெண்டு மணி நேரம் முன்னாடியோ, ஒரு நாள் முன்னாடியோ ஹார்மோன் கொடுத்தா அழற்சி அதிகமா கொதிச்சது!

ஹார்மோன் அதேதான். தீக்குப் பின்னாடி வந்தா தண்ணி, முன்னாடி வந்தா எண்ணெய்.

இதுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இல்லை, நாலு வருஷத்துக்கு முன்னாடியே, 2006ல், ராபர்ட் சபோல்ஸ்கியும் சேர்ந்த ஒரு குழு இதே திசையில் போயிருந்தது. பல நாள் விதவிதமா நெருக்கடி கொடுத்த எலிகளோட மூளையில், முன்பகுதியிலும் நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியிலும், அழற்சியோட சுவிட்ச் கூடுதலா எகிறியது. ஹார்மோனோட ஏற்பியை ஒரு மருந்தால் அடைச்சபோது அந்த எகிறல் குறைஞ்சது. அதாவது தூண்டிவிட்டது அந்த ஹார்மோனேதான்.

ஏன் இப்படி ஒரு கோணல் புத்தின்னு கேட்கத் தோணும். மேயர் குழுவோட விளக்கம் இது. காட்டுல புலி துரத்துது. தப்பிச்சாலும் கடியோ கீறலோ விழலாம், அது வழியா கிருமி வரலாம். அதனால 'ஆபத்து, தயாரா இரு'ன்னு மூளைக் காவல்காரனுக்கு முன்கூட்டியே ஒரு தகவல். நல்ல ஏற்பாடுதான், புலி எப்பவாவது வர்ற வரைக்கும். தினமும் ராத்திரி 'திருடன் வரான், திருடன் வரான்'னு சொல்லிட்டே இருந்தா கூர்க்கா என்ன செய்வார்? தடியை இறுக்கிப் பிடிச்சுட்டே நிப்பார். விடிகாலையில பால்காரர் வந்தா அவர் மண்டையில ஒண்ணு விழும்.

இதெல்லாம் எலிதானே, மனுஷனுக்கு என்னன்னு கேட்டா, நியாயமான கேள்வி. எலிக்கு நடக்கறது அப்படியே நமக்கும் நடக்கும்னு நான் சொல்லலை. ஆனா 'இந்தக் குடும்பத்து மருந்து அழற்சியை அணைக்கும், அதனால மூளைக்கு நல்லது'ங்கற எளிய கணக்கு மனுஷங்ககிட்டயும் ஒரு தடவை பயங்கரமா தப்பிப்போயிருக்கு.

தலையில் அடிபட்டவங்களுக்கு 30 வருஷத்துக்கும் மேல ஸ்டீராய்டு கொடுத்துட்டு இருந்தாங்க. மூளை வீக்கம் குறையும்னு நம்பிக்கை. 'க்ராஷ்' என்ற பெரிய ஆய்வு 49 நாடுகளில் அதைச் சோதிச்சுப் பார்த்தது. 20,000 பேர் வரைக்கும் சேர்க்கத் திட்டம். 10,008 பேரிலேயே நிறுத்திட்டாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள இறந்தவர்கள், வெறும் போலி மருந்து போனவர்களில் 17.9 சதவீதம். ஸ்டீராய்டு போனவர்களில் 21.1 சதவீதம். 2004ல் வெளியானது. காரணம் மைக்ரோக்ளியாதான்னு அந்த ஆய்வு நிரூபிக்கலை, அதையும் சொல்லணும். ஆனா 'அழற்சியை அணைச்சா நல்லது'ன்னு கண்ணை மூடிட்டு நம்பினதுக்கு உலகம் கொடுத்த விலை அது.

அதே 2004ல், வியட்நாமில் 545 பேரிடம் நடந்த ஆய்வு ஒண்ணு வந்தது. காசநோய்க் கிருமியால் மூளை உறையில் அழற்சி வந்தவர்கள். டெக்ஸாமெத்தசோன் கொடுத்தவர்களில் இறப்பு 31.8 சதவீதம், கொடுக்காதவர்களில் 41.3. இங்க அதே குடும்பம் உயிரைக் காப்பாத்தியிருக்கு!

ஆக, இந்த ஹார்மோன் குடும்பம் நல்லவனா கெட்டவனான்னு கேட்கறதே தப்பான கேள்வி. எப்போ வந்தது, எவ்வளவு, எத்தனை நாள், கேட்கறவனோட காது எப்படி இருக்கு. இதுதான் கேள்வி.

மூளைக்குள்ள அழற்சி இருந்தா நமக்கென்னன்னு கேட்டா, மனநிலை. ஜுரம் வந்தா யாரோடயும் பேசப் பிடிக்காம சுருண்டு படுக்கறோமே, அது கிருமி செய்யறதில்லை. அழற்சிப் பொருட்கள் மூளைக்குச் சொல்ற சேதி. 2001ல் வந்த ஒரு ஆய்வுல, ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட 40 பேரைப் பார்த்தாங்க. இன்டர்ஃபெரான் அழற்சியைக் கிளப்பற பொருள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்தது. முன்கூட்டியே மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களில் 11 சதவீதம்தான். அதுக்காக 'மனச்சோர்வுன்னாலே மூளை அழற்சி'ன்னு அடுத்த ஃபார்வர்டைக் கிளப்பிடாதீங்க. 2013ல் மனச்சோர்வு உள்ள 60 பேருக்கு அழற்சியை அடக்கற ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தப்போ, மொத்தமா பார்த்தா போலி மருந்தைவிட அது மேலா இல்லை. ரத்தத்தில் அழற்சி அதிகமா இருந்தவர்களுக்கு மட்டும் பலன் தென்பட்டது. சிலருக்கு இது ஒரு கதவு. எல்லோருக்கும் இல்லை.

இப்போ என் ரெண்டாவது தகராறு.

எங்க அத்தை ஒருத்தர் இருக்காங்க. மாமாவுக்கு ஞாபகம் தப்பி ஆறு வருஷம் ஆச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார். ரிட்டயர் ஆகி இருபது வருஷம். கதவுச் சாவியை அத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுத்தான் படுப்பாங்க. படுப்பாங்கன்னுதான் சொல்றேன், தூங்குவாங்கன்னு சொல்லலை. பார்க்க வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் காபியைக் குடிச்சுட்டு, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கிட்டே சொல்ற வார்த்தை என்ன தெரியுமா? "நீங்க டென்ஷன் ஆகாதீங்க. அப்புறம் உங்க உடம்பு கெட்டுடும். காலையில அரை மணி நேரம் யோகா பண்ணுங்க."

ஒரு தடவை அத்தை சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. "பண்றேம்ப்பா. அந்த அரை மணி நேரம் இவரை யாரு பாத்துப்பீங்க?"

யாரும் பதில் சொல்லலை.

என் கோபம் இதுதான். 'டென்ஷன் ஆகாதீங்க'ங்கற வாக்கியம் அக்கறை மாதிரி வேஷம் போட்ட கைகழுவல். மேல சொன்ன அறிவியலை அரைகுறையா எடுத்துக்கிட்டு, பாரம் தூக்கறவங்க தலையில இன்னொரு பாரத்தையும் ஏத்துது. ஏற்கனவே தூக்கம் இல்லை. இப்போ 'நான் கவலைப்படறதால என் மூளையும் கெடுது'ன்னு ஒரு புதுக் கவலை. ஓஹயோ ஆய்வுல அந்தப் பெண்களுக்குக் காயம் ஆறாமப் போனது அவங்க யோகா பண்ணாததாலயா? ஆள் மாத்த ஆள் இல்லாம வருஷக்கணக்கா ஒரே காவல் பார்த்ததுதான் அவங்களுக்கும் மத்தவங்களுக்கும் இருந்த வித்தியாசம்.

யோகாவையோ மூச்சுப் பயிற்சியையோ நான் கிண்டல் பண்ணலை. முடிஞ்சவங்க தாராளமா செய்யட்டும். ஆனா அலாரம் ஓயணும்னா, அலாரத்தை அமுக்கற ஆள் வேணும். புலியை ஒரு ராத்திரியாவது வேற யாராவது பார்த்துக்கணும்.

நடக்கற காரியமான்னு கேட்டா, நம்ம நாட்டுலயே நடந்திருக்கு. கோவாவில் அமித் டயஸ் குழு டிமென்ஷியா உள்ள 81 குடும்பங்களில் செஞ்ச ஆய்வு 2008ல் வந்தது. ஒரு வாரம் பயிற்சி கொடுத்த ஆட்கள், அவங்க டாக்டர்கள் இல்லை, ஆறு மாசம் குறிப்பிட்ட இடைவெளியில வீட்டுக்கே போனாங்க. இந்த நோய் இப்படித்தான் இருக்கும், அவர் வேணும்னு செய்யலை, இந்த மாதிரி சமாளிக்கலாம்னு உட்கார்ந்து பேசினாங்க. குடும்பத்துல மத்தவங்களும் பங்கெடுக்க வழி பண்ணினாங்க. பார்த்துக்கொள்பவர்களோட மனநலம் தெளிவா மேம்பட்டது. அவங்க ஹார்மோனை அளக்கலை. ஆனா விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லாம, வீட்டுக்கு ஒரு மனுஷன் வந்து போனதாலயே இது நடந்தது.

அதனால நான் கேட்கறது சின்னதுதான். அடுத்த தடவை இப்படி ஒரு வீட்டுக்குப் போறப்போ ஆப்பிள், ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போறதுக்குப் பதிலா ஒரு மதியத்தைக் கொண்டு போங்க. "நான் மூணு மணி நேரம் இங்க இருக்கேன், நீங்க கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க" இந்த ஒரு வரி போதும். வெளியூர்ல இருக்கற அண்ணன் தம்பிங்க மாசா மாசம் ராத்திரிக்கு ஒரு ஆள் வைக்கற செலவைப் பங்கு போடலாம். போன்ல அறிவுரை சொல்றதைவிட அது ரொம்ப உபயோகம். முக்கியமா, இது ஒரு தடவை செய்யற காரியம் இல்லை. கிழமை குறிச்சுக்கிட்டு செய்யணும். 'புதன்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் உண்டு'ன்னு தெரிஞ்சாலே செவ்வாய்க்கிழமை கொஞ்சம் லேசாகும்.

உங்க வீட்டுல, தெருவுல இப்படி முறை வச்சுப் பார்த்துக்கறவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. என்ன மாதிரி ஏற்பாடு, எங்க சிக்கல் வந்தது, யார் முதல்ல கழண்டுக்கிட்டாங்கன்னு எல்லாம் எழுதுங்க. அடுத்தவங்களுக்கு உதவும்.

டிஸ்கி: ஸ்டீராய்டு பத்தி மேல படிச்சுட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் பட்டுன்னு நிறுத்திடாதீங்க. பல நாள் எடுத்தவங்களுக்கு சொந்த அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், திடீர்னு நிறுத்தினா ஆபத்து. டாக்டர்தான் படிப்படியா குறைக்கணும். அதே மாதிரி மெடிக்கல் ஷாப்புல தானா வாங்கிப் போடறதும் வேண்டாம். 2021 கொரோனா ரெண்டாவது அலையில கருப்புப் பூஞ்சை பரவினதுக்கு, சர்க்கரை கட்டுப்பாடில்லாததோட கண்டபடி ஸ்டீராய்டு எடுத்ததும் ஒரு காரணம்னு டாக்டர்கள் தலையில அடிச்சுக்கிட்டது ஞாபகம் இருக்குல்ல?